மருந்துச் சீட்டும் மாணவச் செல்வங்களும்

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டுகிறது. நோயுற்றவர், நோயைத் தீர்க்கும் மருத்துவர், மருந்து, நோயாளியின் அருகிருந்து பேணுபவர் என்பன அந்நான்கு. இவை ஒவ்வொன்றுக்கும் உரிய தகுதிகளைப் பரிமேலழகர் விரித்துரைப்பார். தமிழ் பயிலும் மாணவர் இதனைத் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்ற பின் மறந்துவிடுவது வழக்கம். நானும் அவ்வாறு மறந்தவனே. ஆயின், அந்த நான்காமவர் நம் இல்லங்களில் யார் என்று எண்ணிப் பார்க்கப் புகுந்தால், இது தேர்வு வினாவோடு முடிந்துபோகும் செய்தி அன்று என்பது விளங்கும்.

தந்தையார் வளைகுடா நாட்டிலோ மலேசியாவிலோ பொருளீட்டிக்கொண்டிருப்பார். தாயார் ஓதத் தெரிந்தவர்; தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பவர்; ஆங்கிலம் அறியாதவர். பாட்டியார்க்கோ கண் மங்கல். அவ்வீட்டில் ஒருவர்க்கு நோய் வந்தால் மருத்துவமனைக்கு உடன் செல்வது, வரிசைச் சீட்டு வாங்குவது, மருத்துவர் கூறியதைத் தாய்க்கு எடுத்துரைப்பது, மருந்துக் கடையில் நிற்பது, எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று பிரித்துக் கொடுப்பது ஆகிய எல்லாம் ஏழாம் வகுப்போ எட்டாம் வகுப்போ பயிலும் ஒரு பிள்ளையின் பொறுப்பாகிவிடுகின்றன. வள்ளுவர் குறித்த நான்காமவர் நம்மிடையே பல வீடுகளில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைதான்.

நானும் அத்தகைய பிள்ளையாக இருந்தவன். என் உம்மாவுக்கு அடிக்கடி தலைவலி வரும். ஒரு நாள் பக்கத்து நகரத்து மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தார், ‘பிரஷர் இருக்கிறது’ என்றார், விரைந்து எழுதினார். வெளியே அறுபது பேர் காத்திருந்தனர். அவரைக் குறை கூறுவதற்கில்லை. சீட்டில் ஒரு மருந்தின் பெயர். அதன் பக்கத்தில் 1-0-0 என்று ஓர் எண்கோவை. அதற்கப்பால் பெருக்கற் குறியிட்டுப் பத்து. காலையில் ஒன்று என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். “எத்தனை நாளைக்கு வாப்பா?” என்று உம்மா கேட்டார். ஆங்கிலத்தில் வகுப்பின் முதல் மாணவன் என்னும் செருக்கு எனக்கு இருந்தது. “பத்து நாளைக்கும்மா” என்றேன். பத்து நாள் உண்டார், தலைவலி நின்றது, மருந்தும் நின்றது. நோய் நிற்கவில்லை என்பது நான்காண்டுகள் கழித்து ஒரு வைகறையில், தொழுகைக்கு எழுந்தவர் வலக்கையும் வலக்காலும் அசையாமல் சரிந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதன் பின்னர்ப் பதினோராண்டுகள் கட்டிலிலேயே இருந்தார். பத்து நாள் கழித்து மீண்டும் வந்து காட்டுக என்பதற்காகவே அந்தப் பத்து எழுதப்பட்டிருக்கும் என்று பின்னாளில் மருத்துவ நண்பர் ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். உம்மா ஒருநாளும் என்னைக் கடிந்ததில்லை. கடிவதற்குக் காரணம் உண்டு என்பதே அவருக்குத் தெரியாது.

இக்கட்டுரையில் நான் வலியுறுத்த விழைவது இதுதான். பிள்ளைகளுக்கு மருத்துவ எழுத்தறிவு புகட்டுவதும், மருத்துவக் கல்வியின் வாயிலை எல்லார்க்கும் திறந்துவிடுவதும் இருவேறு பணிகள் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அவ்வாறு அன்று. மருத்துவரும் அருகிருப்பவரும் ஒருவர் சொல்லை ஒருவர் விளங்கிக்கொள்ளும் வரையில் நோயாளியின் வயிற்றுக்குள் செல்லும் மருந்து பாதி மருந்தே.

நம் பள்ளிகளில் உடலைப் பற்றிய பாடம் இல்லாமல் இல்லை. செரிமான மண்டலத்தைப் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்கிறோம். இதயத்தின் நான்கு அறைகளையும் வண்ணந்தீட்டி வரைந்து முழு மதிப்பெண் பெறுகின்ற மாணவன், தன் வீட்டில் சாச்சா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வியர்த்து அமர்ந்தால், ‘வாயு’ என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டுச் சோடா வாங்க ஓடுகிறான். நெஞ்சின் நடுவே அழுத்தும் வலி இடக்கைக்கும் தாடைக்கும் பரவி வியர்வையும் சேர்ந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம், காலம் தாழ்த்தலாகாது, தமிழகத்தில் 2008 முதல் இயங்கிவரும் 108 ஊர்தியை அழைக்க வேண்டும் என்னும் மூன்று வரிகள் அந்தப் படத்தின் கீழ் இருந்திருக்கலாம் அல்லவா?

நோய்களுக்கு நாம் வழங்கும் பெயர்களே சில வேளை நம்மை வழிதவறச் செய்கின்றன. ‘சர்க்கரை வியாதி’ என்ற பெயரைக் கேட்ட முதியவர், தேநீரில் சர்க்கரையை நிறுத்திவிட்டு மூன்று வேளையும் வயிறு நிறையச் சோறு உண்கிறார். பெயரில் உள்ள சர்க்கரையைத்தான் விட்டுவிட்டோமே என்பது அவர் கணக்கு. ‘மஞ்சள் காமாலை’ என்பதைத் தனியொரு நோய் என்று கருதிக் கீழாநெல்லியோடு நிறுத்திக்கொள்வோர் பலர். கண் மஞ்சளாவது ஓர் அறிகுறி. அதன் பின்னே கல்லீரல் அழற்சி இருக்கலாம், பித்த நாளத்தில் அடைத்த கல் இருக்கலாம், வேறு கொடிய நோயும் இருக்கலாம். சொல்லாராய்ச்சி நம் துறைக்குப் புதிதன்று. ஒரு சொல் எவ்வாறு பொருள் திரிந்து உயிருக்கு ஊறாகிறது என்று ஆராய்வதும் சொல்லாராய்ச்சியே.

வளரிளம் பருவத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிகளில் வாரம் ஒரு முறை நீல நிற இரும்புச்சத்து மாத்திரை வழங்கப்படுவதை ஆசிரியப் பெருமக்கள் அறிவர். அம்மாத்திரைகளுள் எத்தனை சன்னலுக்கு வெளியே செல்கின்றன என்பதையும் அறிவர். மாத்திரை உண்டால் மலம் கறுத்துப் போகும்; அதனைக் கண்டு அஞ்சிய மாணவி மறு வாரம் உண்ண மாட்டாள்; தோழியரையும் உண்ண விடமாட்டாள். கறுப்பது இயல்பு, அஞ்ச வேண்டா, உணவுக்குப் பின் உண்க, உடனே தேநீர் அருந்தினால் இரும்பு உடலில் சேராது, எலுமிச்சைச் சாறு அருந்தினால் நன்கு சேரும் என்று எடுத்துரைக்க ஐந்து நிமிடம் போதும். அரசு மாத்திரையை அனுப்பிவிடுகிறது. அந்த ஐந்து நிமிடத்தை அனுப்புவதற்குத்தான் ஆளில்லை.

கணக்குப் பாடத்திலும் இதற்கு இடமுண்டு. காய்ச்சலுக்குரிய பாரசிட்டமால் மருந்து கைக்குழந்தைகளுக்குச் சொட்டு மருந்தாகவும், சற்று வளர்ந்த பிள்ளைகளுக்குப் பாகு மருந்தாகவும் கிடைக்கிறது. சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம்; பாகு மருந்தில் பெரும்பாலும் ஐந்து மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம். இரண்டும் ஒன்றெனக் கருதிச் சொட்டு மருந்தை ஐந்து மில்லிக் கரண்டியில் ஊற்றிக் கொடுத்தால், பெரியவர் விழுங்கும் மாத்திரை ஒன்றின் அளவு கைக்குழந்தையின் வயிற்றில் இறங்கிவிடும். இதனை ஆறாம் வகுப்பு மாணவி பெருக்கிச் சொல்லிவிடுவாள். விகித சமத்துக்கு இரயில் வண்டிகளையும் நீர்த்தொட்டிகளையும் விட்டு இப்படியொரு கணக்கைக் கொடுத்தால் என்ன? மருந்து அட்டையில் காணும் சிவப்புக் கோடு, மருத்துவர் சீட்டின்றி வாங்கலாகாத மருந்து என்பதைக் குறிப்பது; நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகளைக் கண்டபடி உண்பதைத் தடுக்க 2016-இல் நடுவணரசு அக்கோட்டைப் பற்றி நாடெங்கும் பரப்புரை செய்தது. எழுத்தறியாதவரும் காணக்கூடிய கோடு அது. அதன் பொருளைச் சொல்லிக் கொடுக்கத்தான் பிள்ளை வேண்டும்.

பாமரர்க்கு மருத்துவம் சொல்லிக் கொடுப்பது ஆபத்து, அரைகுறை அறிவு கேடு விளைக்கும் என்பார் உளர். அவர் கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அறியாமை அதனினும் பெருங்கேடு. மருத்துவ வரலாற்றில் பெரியோர் இவ்வாறு அஞ்சினாரல்லர். ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அர்ராஸி, மருத்துவர் கிட்டாத எளியோர்க்கென்றே ஒரு நூல் இயற்றினார். ‘ஏழைகளின் மருத்துவம்’ என்றே அது வழங்கலாயிற்று. இப்னு சீனா, பெருநூலாகிய கானூனை இயற்றியதோடு அமையாமல், மாணவர் மனனம் செய்யும்பொருட்டு மருத்துவக் கோட்பாடுகளைச் செய்யுளாகவும் யாத்தார். நம் சித்தர்கள் செய்ததும் அதுவே.

அண்மைக் காலச் சான்று நம் அண்டை நாட்டில் இருக்கிறது. 1971-இல் வங்கப் போரின்போது எல்லை கடந்து வந்த ஏதிலியரிடையே காலரா பரவியது. மேற்கு வங்காளத்து எல்லையூராகிய போன்காவ் முகாமில் நரம்பு வழியே ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் சோடா உப்பும் கலந்த நீரைத் தொட்டிகளில் நிரப்பி, நோயாளியின் உறவினரையே குவளையால் மொண்டு கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. கொடுத்தவர்கள் தாயும் தமக்கையும் மகனும். வள்ளுவரின் நான்காமவர்!

அதன் பின் 1980-இல் வங்காள தேசத்தின் பிராக் என்னும் தொண்டு நிறுவனம் வீடு வீடாகச் சென்று இதனைக் கற்பிக்கத் தொடங்கியது. மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைச் சேர் நீர், அவ்வளவே பாடம். பத்தாண்டுகளில் ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகளை எட்டினர். இதில் நான் வியப்பது வேறொன்றை. கற்பித்த பெண்களுக்குச் சம்பளம் எத்தனை வீடு சென்றார்கள் என்பதைக் கொண்டு வழங்கப்படவில்லை. பின்னர்ச் சென்று சோதிக்கும்போது அந்தத் தாய்க்கு எவ்வளவு நினைவில் நின்றது, கரைசலைச் சரியாகக் கலந்து காட்டினாரா என்பதைக் கொண்டே வழங்கப்பட்டது. நம் ஆசிரியர்க்கும் பேராசிரியர்க்கும் அவ்வாறு சம்பளம் வழங்கினால் நம் கதி என்னாகும் என்று எண்ணி ஒரு கணம் நடுங்கினேன்! அவ்வளவு செய்தும் தொடக்கத்தில் மிகச் சில தாய்மாரே அதனைப் பயன்படுத்தினர். ஏன் என்று ஆராய்ந்தபோது, கற்பித்த பெண்களே தமக்கு வயிற்றுப்போக்கு வந்தால் மாத்திரை உண்டனர் என்பது வெளிப்பட்டது. தாம் நம்பாததைப் பிறரை நம்பச் செய்ய இயலுமா? அவர்களுக்கு முதலில் உண்மையை விளக்கி நம்பிக்கை ஊட்டினர். ஆடவர் ஒதுக்கப்பட்டதும் ஒரு குறையாக இருந்தது. எனவே பள்ளிவாசல்களிலும் சந்தைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் ஆடவரிடமும் பிள்ளைகளிடமும் பேசினர். அதன் பின்னரே பழக்கம் வேரூன்றியது.

நம் ஊர்களிலும் பள்ளிவாசல் இருக்கிறது, மக்தப் இருக்கிறது, வெள்ளிக்கிழமை பயான் இருக்கிறது. மாதத்தில் ஒரு வெள்ளியன்று ஐந்து நிமிடம், ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி இட்டுக் கலக்குவது எவ்வாறு என்றோ, பாம்பு கடித்த காலை இறுக்கிக் கட்டாமலும் கீறாமலும் அசையாமல் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது எவ்வாறு என்றோ சொன்னால் அதனால் பயானின் சிறப்புக் குறைந்துவிடாது.

இனி, மருத்துவரை உருவாக்கும் கல்வியைப் பார்ப்போம். தமிழில் மேனாட்டு மருத்துவம் கற்பிக்க இயலுமா என்று இன்றும் மேடைகளில் வழக்காடுகிறோம். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே அவ்வழக்குத் தீர்ந்துவிட்டது. 1847-இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த டாக்டர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலத்தில் பயின்ற மாணவர் சிற்றூர்களை விட்டு அரசுப் பணிக்குச் செல்வதைக் கண்டு, பின்னர்த் தமிழிலேயே கற்பித்தார். ‘அங்காதிபாதம்’, ‘இரண வைத்தியம்’ முதலிய நூல்களைத் தமிழாக்கி அச்சிட்டார். ஊரில் தங்கி ஊர் மொழியில் பேசும் மருத்துவர் வேண்டும் என்பதே அவர் நோக்கம். அவர் ஆக்கிய சொற்களுள் பல இன்று வழக்கில் இல்லை. நோக்கம் இன்னும் நிறைவேறவில்லை.

வாயில் சிறிது சிறிதாகத்தான் திறந்திருக்கிறது. 1835-இல் தோன்றிய சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875-இல் பெண்கள் சேர்ந்தனர். புதுக்கோட்டையிலிருந்து சென்ற முத்துலட்சுமி ரெட்டி அங்கு 1912-இல் பட்டம் பெற்றார். 1918-இல் ஐடா ஸ்கடர் வேலூரில் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். 2007-இல் தமிழக அரசு பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு மூன்றரை விழுக்காடு தனி ஒதுக்கீடு அளித்தது. 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் ஏழரை விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு சட்டமாயிற்று. அதற்கு முன் ஆண்டுதோறும் மிகச் சிலரே நுழைந்த இடத்தில் பின்னர் நூற்றுக்கணக்கானோர் நுழைந்தனர். அச்சட்டம் இயற்றப்பட்டபோது அரசு உதவிபெறும் பள்ளிகள் அதில் சேர்க்கப்படவில்லை என்பதனை நம்மவர் கவனிக்க வேண்டும். நம் சமுதாயம் நடத்தும் பள்ளிகளுள் பல அவ்வகையினவே. 2024-இல் உச்ச நீதிமன்றம், உடற்குறை இத்தனை விழுக்காடு என்னும் கணக்கை மட்டுமே காட்டி ஒருவரை மருத்துவக் கல்வியிலிருந்து விலக்கலாகாது எனத் தீர்ப்பளித்ததும் ஈண்டு நினையத்தக்கது.

வாயில் திறந்தாலும் வாசற்படி உயரமாக இருக்கிறது. 2018-ஆம் ஆண்டு நடந்த நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழைகள் இருந்தன என்று வழக்குத் தொடரப்பட்டது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, வினாவுக்கு நான்காக 196 மதிப்பெண் வழங்க ஆணையிட்டது; உச்ச நீதிமன்றம் அவ்வாணையைத் தள்ளுபடி செய்தது. சட்டத்தின் நியாயம் ஒருபுறம் இருக்கட்டும். தமிழ்த் துறையினர் இச்செய்தியை வாசித்துவிட்டு எவ்வாறு உறங்கினோம்? தமிழ்ச் சொல் பிழைத்ததால் தமிழ்ப் பிள்ளை பிழைக்க முடியாமற் போயிற்றே! வினாத்தாளைத் திருத்த நம்மை எவரும் அழைக்கவில்லை என்பது உண்மை. அழைக்கச் சொல்லி நாமும் கேட்டதில்லை.

சமுதாயப் பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். மகப்பேற்றுக்குப் பெண் மருத்துவர்தாம் வேண்டும் என்று நாம் வற்புறுத்துகிறோம். அது நம் உரிமை; தவறன்று. ஆனால் அந்தப் பெண் மருத்துவர் யார் வீட்டுப் பெண்? நம் வீட்டுப் பெண் உயிரியலில் நூற்றுக்கு நூறு பெற்றால் அந்த வாரமே சம்பந்தம் பேசத் தொடங்குகிறோம். போர்க்களத்தில் காயமுற்றோர்க்குக் கூடாரம் அமைத்து மருத்துவம் செய்த ருஃபைதா அம்மையாரின் பெயரை விழா மேடையில் முழங்குகிறோம். மேடையை விட்டு இறங்கியதும், ஐந்தரை ஆண்டுப் படிப்பா, அதற்குப் பின் மேற்படிப்பா, வயது என்னாவது என்று கேட்கிறோம். மினாராவுக்குச் சலவைக்கல் பதிக்கத் திரளும் பொருளில் ஒரு பங்கு, ஜமாஅத்துக்கு ஒரு பெண் வீதம் மருத்துவம் பயில ஒதுக்கப்படுமானால் பதினைந்தாண்டுகளில் நம் கேள்விக்கு நம் வீட்டிலேயே விடை கிடைக்கும்.

தமிழ்த் துறை என்ன செய்யக்கூடும்? யுனெஸ்கோ கூரியரின் தமிழ்ப் பதிப்பாசிரியராக விளங்கி 2017-இல் மறைந்த மணவை முஸ்தபா அவர்கள், மருத்துவம் உள்ளிட்ட துறைகளின் கலைச்சொற்களைத் திரட்டி அகராதிகளாக்கித் தந்தார். ஒரு மனிதரின் உழைப்பா இது என்று திகைக்கச் செய்யும் பணி. அவ்வகராதிகள் நூலகத்தில் இருக்கின்றன. மருந்துக் கடையின் மேடைக்கு இன்னும் வந்து சேரவில்லை. அங்கே கொண்டு சேர்ப்பது நம் பணி. அவ்வாறு சேர்க்கும்போது தூய்மை பேசி நிற்கலாகாது என்பது என் கருத்து. ‘இரத்த அழுத்தம்’ என்று எழுதி அருகிலேயே ‘பிரஷர்’ என்றும் எழுத வேண்டும். உம்மாமார்க்குத் தெரிந்த சொல் அதுதான்.

சென்ற பருவத்தில் இரண்டாமாண்டு மாணவ மாணவியரிடம் பழைய மருந்துச் சீட்டுகளின் படிகளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். வகுப்பில் ஒருவராலும் ஒரு சீட்டையேனும் முழுமையாக விளக்க இயலவில்லை. ஒரு மாணவி மட்டும் எழுந்து, “ஐயா, எங்க வீட்டுல நான்தான் உம்மம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்குறேன், இத்தனை நாளா குத்துமதிப்பாத்தான் கொடுத்துட்டிருந்தேன்” என்று தலை கவிழ்ந்து கூறினாள். மறு வாரம் மருத்துவர் ஒருவரை வகுப்புக்கு அழைத்து, அவர் சொல்லச் சொல்ல மாணவர்களே ஒரு பக்கத் துண்டுத்தாளைத் தமிழில் எழுதினர். அதனை அண்டை ஊர்ப் பள்ளிகளுக்கும் மக்தப்களுக்கும் கொடுத்து வருகிறோம். வேளை, அளவு, உணவுக்கு முன்னா பின்னா என்பவை எல்லாம் அதில் உண்டு. முதல் வரியை மட்டும் நான் சொல்லி எழுதச் செய்தேன்: சீட்டில் பெருக்கற் குறியிட்டுப் பத்து என்று இருந்தால், பத்து நாளோடு மருந்தை நிறுத்துவதா, மீண்டும் வந்து காட்டுவதா என்று மருத்துவரிடம் கேட்காமல் அறையை விட்டு வெளியே வராதே.